மேசையில் பொலிஸ் இல்லாத நாட்கள்

நான் பார்த்த வழக்கு ஒன்றைப் பயிற்சி வகுப்பில் வெற்றிக் கதையாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று போன மாதம்தான் தெரியவந்தது. ஒரு காலத்தில் எனக்குக் கீழே கான்ஸ்டபிளாக இருந்து, இப்போது சப் இன்ஸ்பெக்டராக உயர்ந்திருக்கும் நிரோஜா தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள்.

“மேடம், ராணுவ ரிசேர்வ் ஆக்கள திரும்பவும் ஸ்டேசனுக்கு எடுக்கப் போறாங்க. வாசலையும் மேசையையும் அவங்க பாப்பாங்களாம், நாங்க ரோந்துக்குப் போறதாம். அதுக்குத்தான் வகுப்பு வச்சவங்க. உங்கட சுகந்தினி கேசையும் சொன்னாங்க. ரோந்து வாகனம் எவ்வளவு கெதியாப் போய்ச் சேந்ததெண்டு.”

“கெதியாப் போய் என்னத்தக் கண்டதெண்டும் சொன்னாங்களா?” என்று கேட்டேன்.

“இல்ல மேடம். அதத்தான் நீங்க எழுதித் தாங்க. எங்கட ஆக்கள் வாசிக்கட்டும்.”

எழுதுகிறேன். கோபம் வந்தால் எனக்கு நிதானமாக எழுத வராது. வராவிட்டால் போகட்டும். இதை நிதானமாகச் சொல்லிச் சொல்லித்தான் அந்தப் பெண்ணின் சாவை வகுப்பறைக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தேற்றாத்தீவு எனக்குச் சொந்த ஊர். தமிழ்ப் பெண் பிள்ளைகள் பொலிசில் சேர்ந்தால் வீட்டுக்குச் சம்பந்தம் பேசி வரமாட்டார்கள் என்றிருந்த காலத்தில் சேர்ந்தேன். பயிற்சியில் வெயிலில் ஓடினோம், சிங்களம் படித்தோம், சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்தோம். அங்கே படித்ததில் முக்கால்வாசி மறந்து போயிற்று. மறக்காதது பிறகு மேசையில் படித்ததுதான்.

முறைப்பாட்டு மேசை என்பது பொலிஸ் நிலையத்துக்குள் நுழைந்ததும் முதலில் இருக்கும் மேசை. முறைப்பாடு சொல்ல வருகிறவர் அங்கேதான் வாய் திறப்பார். அதிகாரிகளுக்கு அது கிழடுகளையும் நோயாளிகளையும் உட்கார வைக்கும் இடம். எனக்கு அதுதான் பொலிஸ் நிலையம். என் சேவைக் காலத்தில் பெரும்பகுதி அந்த மேசையில்தான் போனது. கடைசியாக இருந்தது மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கே, பாசிக்குடா ஹோட்டல் வீதியும் எல்லைக்குள் வரும் ஒரு நிலையத்தில்.

எங்கள் சனம் வந்த விசயத்தை முதலில் சொல்லாது. இது இந்தப் பக்கத்தில் மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஓட்டமாவடியில் துணிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் நானா, கடைக்கு முன்னால் யாரோ ஆட்டோ நிறுத்துகிறார்கள் என்று முறைப்பாடு சொல்ல வந்தார். தேத்தண்ணி குடித்து முடிந்த பிறகுதான், அந்த ஆட்டோவில் வருகிறவன் கத்தியைக் காட்டி மிரட்டுகிறான் என்பது வெளியே வந்தது. தோணித் துடுப்பைக் காணவில்லை என்று வந்த மனிசன் ஒருவர், எழும்பிப் போகும்போதுதான் தன் மகன் போதைக்கு அடிமையாகி வீட்டுச் சாமான்களை விற்கிறான் என்று அழுதார். ஆகவே எனக்கு ஒரு முறை இருந்தது. கதிரையை மேசைக்கு எதிரே போடமாட்டேன், பக்கத்தில் போடுவேன். பேனையை உடனே கையில் எடுக்கமாட்டேன். முதலில் சொல்வதைக் கேட்டுவிட்டு, “மறுகா?” என்று மட்டும் கேட்பேன். பிறகு என்ன என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்பது. அந்த ஒரு சொல்லுக்குத்தான் உண்மையான முறைப்பாடு வரும். வாசலுக்கு எதிரே வாகை மரத்தின் கீழ் யாராவது ஒரு பெண் நெடுநேரம் நின்றால், நானே வீதியைக் கடந்து போய்க் கூட்டிக்கொண்டு வருவேன். இது பெரிய கெட்டித்தனம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி செய்கிற வேலைதான்.

அந்த நிலையத்துக்குத்தான் ராணுவ ரிசேர்வ் ஆட்களை முதல்முறை கொண்டுவந்தார்கள். அவர்கள் முழுநேரப் படையினர் அல்லர். ஊரில் வயலோ கடையோ செய்துகொண்டு, கூப்பிட்டால் உடுப்பைப் போட்டுக்கொண்டு வருகிறவர்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. வெள்ளம் வந்தபோது எங்களோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்கள். திருவிழாவில் சனத்தை ஒழுங்குபடுத்தினார்கள், பாடசாலை விடும் நேரம் வீதியில் நின்றார்கள். அதோடு விட்டிருக்கலாம். மேசையையும் அவர்களிடம் கொடுத்தார்கள்.

கொடுத்தவர் எங்கள் பொறுப்பதிகாரி தவரெத்தினம் ஐயா. அந்தப் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், ஆளை மாற்றவில்லை. இதே மாவட்டத்தில், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவர். யாரையும் ஏசியதில்லை. குரல் உயர்த்தியதில்லை. மடிப்புக் கலையாத உடுப்போடு மேசையில் இருந்து, நாம் சொல்வதை எல்லாம் தலையாட்டிக் கேட்பார். “ஓம் ஓம், நீங்க சொல்றது சரி” என்பார். பிறகு தான் நினைத்ததைச் செய்வார். ஏசுகிற அதிகாரியோடு சண்டை பிடிக்கலாம். எல்லாவற்றையும் சரி என்று சொல்கிறவரோடு என்ன செய்வது? பல நாள் அவருடைய அறையிலிருந்து வென்றுவிட்டேன் என்ற நினைப்போடு வெளியே வந்து, பின்னேரம்தான் தோற்றதைத் தெரிந்துகொண்டிருக்கிறேன்.

திட்டம் வந்த அன்று போய்ச் சொன்னேன்.

“ஐயா, வாசல்ல ராணுவ உடுப்பு நிண்டா சனம் உள்ளுக்கு வராது. எங்கட பொம்புளையள் காணாமப்போனாக்களத் தேடி எந்தெந்த முகாம் வாசலில எல்லாம் நிண்டவங்க எண்டு உங்களுக்குத் தெரியாதா?”

“ஓம் ஓம், நீங்க சொல்றது சரி புஷ்பராணி. அதுக்குத்தான் தொப்பிய மாத்தச் சொல்லியிரிக்கன்.”

“தொப்பியா?”

“பொலிசுத் தொப்பி மாதிரி ஒண்டு. சனத்துக்கு வித்தியாசம் தெரியாது.”

“அப்பிடியெண்டா மேசைய எண்டாலும் எனக்கு விடுங்க.”

“உங்களப் போல அனுபவம் உள்ள ஆக்கள் மேசையில இருந்து வீணாகப்படாது. ரோந்துக்குப் போங்க. சனம் பொலிச றோட்டில காணோணும்.”

இப்படித்தான் நான் மேசையிலிருந்து விடுவிக்கப்பட்டேன். அவர்கள் வைத்த சொல் அதுதான், விடுவித்தல். ஏதோ மறியலில் இருந்தது போல.

ரோந்து என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? ஜீப்பில் ஏறி ஹோட்டல் வீதியால் போவோம், வருவோம். வெள்ளைக்காரர்கள் கை காட்டுவார்கள். ஹோட்டல் முகாமையாளர்கள் இளநீர் வெட்டித் தருவார்கள். மற்ற நேரம் வாவிக்கரைக் கிராமங்களுக்குள் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்புவோம். வேலிகளுக்கு மேலால் சனம் எங்களைப் பார்க்கும். யாரும் மறித்ததில்லை. எப்படி மறிப்பது? ஊர் பார்த்துக்கொண்டிருக்க, நடு வீதியில் ஜீப்பை நிறுத்தி, என் மருமகன் என் பிள்ளையை அடிக்கிறான் என்று எந்தத் தாய் சொல்லுவாள்?

நேசம்மா அப்படிச் சொல்லவில்லை. அவர் நிலையத்துக்கே வந்தார்.

நேசம்மா வாவியில் இறால் பிடித்து விற்று மகளை வளர்த்த விதவை. தன் தம்பியைத் தேடி ஒரு காலத்தில் முகாம் முகாமாக அலைந்தவர். ராணுவ உடுப்பைக் கண்டால் வழி மாறி நடக்கும் தலைமுறை. ஒரே மகள் சுகந்தினிக்குக் கல்யாணம் முடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

மேசையில் அன்று இருந்தவர் பண்டார என்ற ரிசேர்வ்காரர். பொலன்னறுவைப் பக்கத்து விவசாயி, நடுத்தர வயது, நல்ல மனிதர். தமிழ் தெரியாதவரை மேசையில் வைத்ததால் வந்த வினை என்று சிலர் சொல்வார்கள். அதுவும் இல்லை. அவருடைய தமிழ் போதுமானதாகத்தான் இருந்தது. கதிரை கொடுத்தார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அன்று நடந்ததைப் பிறகு நேசம்மாவிடமும் கேட்டேன், பண்டாரவிடமும் கேட்டேன். இரண்டு பேரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்.

“என்ன விசயம் அம்மா?”

“மருமகன் வேலி கட்டிப்போட்டான் மகன்.”

“யாருடைய காணி?”

“மகளுக்குக் குடுத்த வளவு.”

“அப்போ அவங்கட காணியிலதானே கட்டியிருக்கு?”

“ஓம். எனக்கும் அவளுக்கும் நடுவுல கட்டியிரிக்கான்.”

“காணிப் பிரச்சினை இங்க பார்க்கிறது இல்லை அம்மா. கிராம சேவகர்கிட்ட சொல்லுங்க. இல்லாட்டி மத்தியஸ்த சபை.”

நேசம்மா உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு, “அந்த மேடம் இல்லையா?” என்று கேட்டார்.

“மேடம் ரோந்து போயிருக்காங்க.”

அவ்வளவுதான். எழும்பிப் போய்விட்டார். கிராம சேவகர் அன்று வேறு கூட்டத்துக்குப் போயிருந்தார். வேலிக்காக இன்னொரு நாள் போகலாம் என்று வீட்டுக்குத் திரும்பினார்.

மட்டக்களப்புக்கு வெளியே இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கல்யாணம் முடித்தால் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. புருஷன்தான் பெண் வீட்டுக்கு வருவான். வீட்டையும் வளவையும் மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாய் பின்வளவில் ஒரு சின்னக் குடிலைப் போட்டுக்கொண்டு ஒதுங்கிக்கொள்வாள். இரண்டுக்கும் நடுவில் வேலி இருக்காது. இருக்கவே கூடாது. அம்மாவின் கோழி மகளின் குசினிக்குள் மேயும். மகள் வைத்த கறி ஆறுமுன் தாயின் கோப்பைக்கு வரும். மகளின் வீட்டில் சட்டி விழுந்தால் தாய்க்குக் கேட்கும், அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் வந்து நிற்பாள். புருஷன்மார் பலரை அந்தக் காலடிச் சத்தம்தான் மனிதராக வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் தகரம் வைத்து, முள்ளுக்கம்பி இழுத்து, மாமியாருக்கும் மனைவிக்கும் நடுவில் வேலி அடைக்கிறான் என்றால் காணிக்காக அடைப்பானா?

அந்தச் சொல் என் காதில் விழுந்திருந்தால் நான் “மறுகா?” என்று கேட்டிருக்கவும் தேவையில்லை. நான் மட்டும் அல்ல, எங்கள் பகுதிப் பெண் யார் அந்த மேசையில் இருந்தாலும், கூட்டிப் பெருக்க வரும் அக்காகூட, “எப்ப இருந்து அடிக்கிறான்?” என்றுதான் கேட்டிருப்பாள். நேசம்மா தன் முறைப்பாட்டை முழுவதாகச் சொல்லிவிட்டார். எங்கள் பாசையில் அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. மகள் அடி வாங்குகிறாள் என்று மகளின் மானத்தை அந்நிய ஆணிடம் விற்காமல், சொல்லக்கூடிய அளவுக்குச் சொன்னார்.

அடுத்த கிழமை ஒரு காலைப் பொழுது, ஹோட்டல் வீதியில் இருந்தோம். செய்தி வந்தது. நாங்கள் கிட்டத்தில் இருந்தபடியால் உடனே போய்ச் சேர்ந்தோம். உண்மைதான், மிகவும் கெதியாகப் போனோம். வகுப்பில் சொல்வது அதைத்தான்.

வீட்டின் கதவைச் சனம் உடைத்திருந்தது. புருஷனை மரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். மண்வெட்டிப் பிடி முற்றத்தில் கிடந்தது. சுகந்தினி குசினிக்குள் கிடந்தாள். நான் குனிந்து கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை.

பின்பக்கம் தகரத்தில் யாரோ இரண்டு கையாலும் அடிக்கிற சத்தம் கேட்டது. போய் எட்டிப் பார்த்தேன். நேசம்மா. மகள் கத்தியதைக் கேட்டிருக்கிறார். வேலி வாவித் தண்ணீர் வரைக்கும் இறங்கியிருந்தது. ஏறப் பார்த்ததில் முள்ளுக்கம்பி இரண்டு உள்ளங்கையையும் கிழித்திருந்தது. பக்கத்து வளவுக்காரர் ஓடிவந்து கதவை உடைத்த பிறகும் அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. வீதியால் சுற்றிப் போனால் மகளின் சத்தம் கேட்காமல் போய்விடும் என்று பயந்தாராம்.

என்னைக் கண்டதும் சொன்னார், “நான் வந்தனான் மகள். வேலியெண்டு சொன்னனான்.”

அன்று என்னைத் திரும்ப மேசைக்குக் கூப்பிட்டார்கள். வாக்குமூலத்தைச் சட்டப்படி பொலிஸ்தான் எழுத வேண்டும், ரிசேர்வ்காரர் எழுத முடியாது. மகள் உயிரோடு இருந்தபோது கிடைக்காத மேசை, செத்த பிறகு அந்தத் தாய்க்குக் கிடைத்தது.

பண்டார நிலையத்தின் பின்பக்கம் என்னிடம் வந்து நின்றார். முகம் கறுத்துப் போயிருந்தது. தங்கள் ஊரில் பெண்தான் புருஷன் வீட்டுக்குப் போவாள், அதனால் வேலி என்றால் காணி என்றுதான் தனக்கு விளங்கியது என்றார். “இன்னொரு சொல் சொல்லியிருந்தா நான் அந்த அம்மாவை விட்டிருக்க மாட்டேன் சார்ஜன்ட்” என்று அழுதார். மேசையிலிருந்து தன்னை எடுத்துவிடும்படி ஐயாவிடம் கேட்டார். “ஓம் ஓம், நீங்க சொல்றது சரி” என்றார் ஐயா. அடுத்த நாளும் பண்டாரதான் மேசையில் இருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது பண்டாரவை நினைத்து அல்ல. ஒரு மாதத்துக்குள் மேலிடத்து அதிகாரிகள் வந்து மாநாட்டு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். தவரெத்தினம் ஐயா எழும்பி, ரிசேர்வ் ஆட்கள் வந்த பிறகு முறைப்பாடுகள் குறைந்திருக்கின்றன என்று பலகையில் காட்டினார். குறையாமல் என்ன செய்யும்? சனம் வாகை மரத்தோடு திரும்பிப் போனால் முறைப்பாடு குறையத்தான் செய்யும். பொலிஸ் நிலையத்தையே பூட்டிவிட்டால் ஒன்றும் இல்லாமலே போய்விடும். பிறகு அவர், ரோந்து எவ்வளவு விரைவாகச் செயற்படுகிறது என்பதற்கு உதாரணம் என்று சுகந்தினியின் வழக்கைச் சொன்னார். என்னைக் கை காட்டி, “எங்கட சார்ஜன்ட் புஷ்பராணிதான் முதல்ல போய்ச் சேர்ந்தவ” என்றார். சிலர் கை தட்டினார்கள்.

நான் எழும்பினேன்.

“ஐயா, அந்தப் பிள்ளையிர தாய் அதுக்கு முதல் கிழமை ஸ்டேசனுக்கு வந்தவ. மருமகன் வேலி கட்டிப்போட்டானெண்டு சொன்னவ. திருப்பி அனுப்பிப்போட்டம்.”

“ஓம் ஓம், நீங்க சொல்றது சரி. ஆனா அவ வேலியெண்டுதானே சொன்னவ. அடிக்கிறானெண்டு சொல்லல்லியே.”

“உங்கட அம்மா எங்க இரிக்கிறா ஐயா?”

அவர் என்னைப் பார்த்தார். “அது என்னத்துக்கு இப்ப?”

“சொல்லுங்க. எங்க இரிக்கிறா?”

“தங்கச்சிட பின்வளவுல.”

“நடுவுல உங்கட மச்சான் வேலி கட்டினா, நீங்க கிராம சேவகரிட்டயா போவீங்க?”

அந்த ஒரு தடவைதான் அவர் ஓம் ஓம் என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத்தான் இன்றுவரைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. பண்டாரவுக்குத் தெரியாது, மேலிடத்துக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, தாய்மார் வந்து பேசுகிற அந்த மேசையைத் தூக்கி யார் கையிலாவது கொடுத்துவிட்டுப் பலகையில் கோடு கீறிக்கொண்டிருந்தார். மேலதிகாரி தொண்டையைக் கனைத்துவிட்டு, தேத்தண்ணிக்குப் போவோம் என்றார்.

கதிரவெளிக்கு அப்பால் ஒரு காவல் நிலையத்துக்கு எனக்கு மாற்றம் வந்தது. அங்கிருந்தே ஓய்வு பெற்றேன். சுகந்தினியின் புருஷன் சிறையில் இருக்கிறான். தவரெத்தினம் ஐயா உயர்ந்து, வகுப்பு எடுக்கிற இடத்துக்குப் போய்விட்டார்.

மாற்றலாகிப் போகும் நாளன்று நேசம்மாவைப் பார்த்துவிட்டுப் போக அந்த வளவுக்குப் போனேன். சீருடையோடுதான் போனேன். மகளின் வீடு பூட்டிக் கிடந்தது. பின்பக்கம் வேலி அப்படியே நின்றது. நேசம்மா குடில் வாசலில் குந்தியிருந்தார்.

“ஏன் இத இன்னும் கழட்டல்ல?” என்று கேட்டேன்.

“கேட்டு வாறத்துக்கு ஸ்டேசனுக்குப் போனன் மகள். கொலை நடந்த இடமாம், தொடப்படாதாம். கோட்டுல கடதாசி வாங்கோணுமாம்.”

நீதவான் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போய் எத்தனையோ நாள் ஆகியிருந்தது. இனி அந்த வேலி யாருக்கும் தேவையில்லை. இரண்டாவது முறையும் அதே வேலிக்காக அதே மேசைக்குப் போய், இரண்டாவது முறையும் திரும்பி வந்திருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததெல்லாம் பேசினேன். யாரை ஏசினேன் என்று நேசம்மாவுக்கு விளங்கியிருக்காது.

பக்கத்து வளவில் குறடும் அலவாங்கும் வாங்கி வந்தேன். கம்பியை நான் வெட்டினேன், தகரத்தை அலவாங்கு போட்டு நெம்பினேன். நேசம்மா காயம் முழுதாக ஆறாத கையால் ஒவ்வொன்றாக இழுத்து வாவிப் பக்கம் போட்டார். சட்டை கிழிந்தது, அரசாங்கச் சட்டை. இரண்டு தகரம் விழுந்ததும் ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி வந்தது.

மிச்சத்தையும் நான் கழற்றுமுன் அவர் அந்த வழியால் நடந்தார். மகளின் குசினிக் கதவு பூட்டியிருந்தது அவருக்குத் தெரியும். திறப்பு அவருடைய இடுப்பில்தான் இருந்தது. ஆனாலும் கதவடியில் நின்று, எந்த நாளும் விடியக் கூப்பிடுகிறது போல, “சுகந்தி, ஒழும்பிட்டியா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதில் வருகிற அளவு நேரம் நின்றார்.